மொட்டைக்கொம்பன் என்ன சொன்னான்

சின்னாளபட்டி,
14-6-1958

'பட்டாணி' வாரப் பத்திரிகையில படம் போடுற வீரா அவர்களுக்கு, சொர்ணலட்சுமி எழுதுறது.

நீங்க யாரு எவருன்னு எனக்குத் தெரியாது. படத்துக்குக் கீழ 'வீரா'ன்னு கிறுக்கியிருக்கிறதால அந்தப் பேருக்கே எழுதுறேன். சண்டை போடத்தான் எழுதுறேன்னு முதல்லயே சொல்லிர்றேன்.

உங்க மொட்டைக்கொம்பன் படக்கதையை ஒம்பது வாரமாப் படிச்சிட்டு வாரோம். கொம்பு ஒடிஞ்ச ஒரு ஆட்டுக்குட்டி கொடைரோடு ஸ்டேஷன்ல கூட்ஸ் வண்டியில ஏறி ஊர் ஊராப் போகுது. தொப்பைத் துரைச்சாமிங்கிற டிக்கெட் பரிசோதகர் அதை விரட்டிக்கிட்டே வாராரு. வாரத்துக்கு எட்டுக் கட்டம். நல்லா இல்லேங்கல. கொடைரோடு எங்களுக்குப் பக்கம், அதனால முத வாரமே மனசுல ஒட்டிக்கிச்சு. ஆனா ஏழாவது வாரம் ஆடு சேத்துல விழுந்து தப்பிச்சது. எட்டாவது வாரம் துரைச்சாமி சேத்துல விழுந்தாரு, ஆடு தப்பிச்சது. ஒம்பதாவது வாரம் ரெண்டு பேருமே விழுறாக. மெட்ராஸ்ல சேறு அம்புட்டு மலிவா?

அடுத்தது, கடைசிக் கட்டம். 'இதனால் அறியப்படுவது யாதெனில்'னு ஒரு நீதி போடுறீக. அதுவரைக்கும் வாயைப் பிளந்துக்கிட்டுக் கேட்ட பிள்ளைக, நான் 'இதனால்'னு ஆரம்பிச்சதும் எந்திரிச்சு ஓடிருதுக. மிச்ச நீதியை நான் சுவத்துக்குத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன்.

பிள்ளைக பத்திரிகையை ஒரு பொம்பள இம்புட்டு நோண்டுறாளேன்னு நினைப்பீக. என் வீட்டுல ஏழு பேர் உக்காந்து சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுறோம். துணியில பொட்டுப் பொட்டா நூலைச் சுத்திக் கட்டணும். சாயத்துல முக்கி எடுத்துப் பிரிச்சா முடிச்சு இருந்த இடம் புள்ளியா நிக்கும். கண்ணை எடுத்தா முடிச்சு தப்பிப் போகும். எழுத்துக் கூட்டாமப் படிக்கிறவ நான் ஒருத்திதான். அதனால சனிக்கிழமை மத்தியானம் நான் மட்டும் கையை நிறுத்திட்டுக் கட்டம் கட்டமாச் சொல்லுவேன், மத்தவுக கட்டிக்கிட்டே கேப்பாக. பத்திரிகை நூல்கடைக்காரர் வீட்டு இரவல். சாயக்கறை பட்டா அடுத்த வாரம் தர மாட்டாக, அதனால பிள்ளைக கையில கூடக் குடுக்கிறதில்ல.

நல்லதையும் சொல்லணும்ல. துரைச்சாமி குடை பிடிச்சிருக்கிற விதம் நல்லா இருக்கு. சேத்தை நிறுத்துங்க.

சொர்ணலட்சுமி


சென்னை,
21-6-1958

சொர்ணலட்சுமி அம்மாளுக்கு வீரப்பன் வணக்கமுங்க. வீரா என்பது நான்தான்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க ஆபீசில் யாரோடும் நான் பேசவில்லை. பக்கத்து மேசைக்காரர் ஊரில் ஏதாவது துக்கமா என்று கேட்டார். சேறு வரைவது சுலபமுங்க, அதுதான் உண்மை. வியாழக்கிழமை சாயங்காலம் படத்தை அச்சுக்குப் பிளாக் செய்யக் கொடுத்தாக வேண்டும். புதன்கிழமை வரைக்கும் எதுவும் தோன்றாவிட்டால் யாரையாவது சேற்றில் தள்ளிவிடுவேன். அதை இத்தனை மைல் தள்ளி இருந்து ஒருவர் கண்டுபிடிப்பார் என்று நினைக்கவில்லை.

நீதி என்னுடையது அல்ல. அது ஆசிரியர் எழுதுவது. அதில் கை வைக்க எனக்கு அதிகாரம் இல்லைங்க.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு இருபத்து நாலு வயசு. பழனி அடிவாரத்தில் எங்கப்பா பஞ்சாமிர்தக் கடை வைத்திருக்கிறார். படம் போடுகிறேன் என்று சண்டை போட்டுக்கொண்டு மூன்று வருஷம் முன்னால் வந்துவிட்டேன். எனக்கென்று கிடைத்த முதல் தொடர் இது. ஆடி முடிவதற்குள் வாசகரிடம் பேர் எடுக்காவிட்டால் நிறுத்திவிடுவேன் என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். நின்றால் வேறு வேலை தர மாட்டார். நான் கடைக்குப் போய் வாழைப்பழம் பிசைய வேண்டியதுதான்.

வருகிற கடிதமெல்லாம் 'மிக நன்று, தொடர்க' என்றுதான் இருக்கும். எது நன்று, ஏன் நன்று என்று ஒருத்தரும் எழுதுவதில்லை. நீங்கள் மட்டும்தான் எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொரு வாரமும் படித்துவிட்டு நல்லதை ஒரு பக்கமும் குறையை ஒரு பக்கமும் எழுதி அனுப்புவீர்களா? எந்தக் கட்டத்தில் சிரித்தார்கள், எதில் கொட்டாவி விட்டார்கள் என்று தெரிந்தால் போதுமுங்க. எனக்காகக் குறைத்துச் சொல்ல வேண்டாம். கோபம் வரும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வீரப்பன்


சின்னாளபட்டி,
12-7-1958

வீரப்பன் அவர்களுக்கு,

மூணு வாரத்தைச் சேத்து எழுதுறேன். நல்லது கெட்டதை எப்படி அளக்கிறதுன்னு நிறைய யோசிச்சேன். சிரிப்பை நம்ப முடியல, சுப்புத்தாய் எதுக்கும் சிரிப்பா. பெறகுதான் ஒரு வழி தெரிஞ்சது. கதை சொல்லும்போது கையைப் பாக்கணும். கேக்குறவ கை தன்னால நின்னுருச்சுன்னா அந்தக் கட்டம் நல்ல கட்டம். கை விறுவிறுன்னு ஓடுச்சுன்னா அவ மனசு சேலையில இருக்குன்னு அர்த்தம்.

பதினொண்ணாவது வாரம்: ஒரு கை கூட நிக்கல. பாலத்துக்கு மேல வண்டி போறதை ரெண்டு கட்டத்துக்கு இழுத்திருக்கீக. அதுல எழுத்து வேற ஈ மொய்ச்ச மாதிரி. பாலம்னா பாலம், அதை எதுக்கு வளவளன்னு சொல்லணும்? நல்லதுன்னா, ஆடு துரைச்சாமி தொப்பிக்குள்ள ஒளியுறது. பிள்ளைகளுக்குப் பிடிச்சது.

பன்னெண்டாவது வாரம்: இதுவரைக்கும் வந்ததுல இதான் ஒசத்தி. விழுப்புரத்துல துரைச்சாமி ஆட்டோட காதைப் பிடிச்சு 'டிக்கெட் எங்கே?'ன்னு கேக்க, அது நிதானமா, 'நீங்களும் இதே வண்டியிலதான வாரீக, உங்க டிக்கெட்டை முதல்ல காட்டுங்க'ன்னு சொல்லுது பாருங்க. ஆறு பேர் கையும் நின்னுருச்சு. எங்க ஒச்சம்மாள் லேசுல சிரிக்க மாட்டா. அவளே நூலைக் கீழ போட்டுட்டுச் சிரிச்சா.

பதிமூணாவது வாரம்: வண்டி கிளம்பும்போது ஆடு திரும்பிப் பாத்து, 'எங்கம்மா குரல் கேட்ட மாதிரி இருந்துச்சே'ன்னு சொன்னதுல சுப்புத்தாய் மூக்கை உறிஞ்சிட்டா. வேடிக்கைக் கதையில இப்படி ஒரு இடம் வைக்கத் தெரிஞ்சிருக்கு உங்களுக்கு. ஆனா அடுத்த கட்டமே நீதி வந்து காரியத்தைக் கெடுத்துருச்சு.

இந்த மூணு வாரமும் சேறு இல்ல. சந்தோசம்.

சொர்ணலட்சுமி


சென்னை,
19-7-1958

சொர்ணலட்சுமி அம்மாளுக்கு,

உங்கள் கடிதத்தை அப்படியே கொண்டுபோய் ஆசிரியர் மேசையில் வைத்துவிட்டேன். அவர் இரண்டு தரம் படித்தார். கை நிற்கிற கதையைச் சத்தமாகவே படித்தார். "ஆடியில் நிறுத்துவதாக இருந்தேன், ஆவணி கடைசி வரை பார்க்கலாம்" என்றார். ஏனுங்க, நான் ஆபீஸ் மாடிப்படியை மூன்று மூன்றாகத் தாவி இறங்கினேன்.

இறங்கி வந்து உட்கார்ந்த பிறகுதான் ஒன்று உறுத்தியது. பன்னிரண்டாம் வாரத்துப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். மூன்றாவது கட்டத்தில் துரைச்சாமி டிக்கெட் கேட்கிறார். நாலாவதில் ஆடு அவரைப் பார்க்கிறது. அவ்வளவுதானுங்க. அது எதுவும் சொல்லவில்லை. எந்த வாரத்திலும் அது பேசியதே இல்லை, நான் அதைப் பேச வைத்ததே இல்லை. பதிமூன்றாம் வாரத்தில் வண்டி கிளம்புகிறது, ஆடு திரும்பியிருக்கிறது. அம்மா என்ற பேச்சே கிடையாது.

நீங்கள் பார்ப்பது வேறு ஏதாவது பத்திரிகையா? யாராவது என் ஆட்டைத் திருடிப் பேச வைத்துப் போடுகிறார்களா? திண்டுக்கல் பக்கம் அப்படி ஏதாவது விற்கிறதா? கொஞ்சம் விசாரித்து எழுதுங்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

வீரப்பன்


சின்னாளபட்டி,
26-7-1958

வீரப்பன் அவர்களுக்கு,

உங்க கடிதத்தைப் படிச்சதும் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்ச நஞ்சமில்ல. நான் பொய் சொல்றேங்கிறீகளான்னு நாலு பக்கம் எழுதிக் கிழிச்சுப் போட்டேன். நூல்கடைக்காரர் வீட்டுக்குப் போயி, பழைய பத்திரிகைக் கட்டைப் பிரிச்சுப் பாத்து, மூஞ்சியில அடிக்கிற மாதிரி பதில் எழுதணும்னு கிளம்பினேன்.

பிரிச்சுப் பாத்தேன். ஆடு பேசல.

அங்கேயே படியில உக்காந்துட்டேன். நீங்க நம்ப மாட்டீக, அது பேசினதாத்தான் எனக்கு ஞாபகம். அதோட குரலே எனக்குத் தெரியும். யோசிக்க யோசிக்கத்தான் விளங்குச்சு. எதிர்ல இருக்கிற யாருக்கும் பத்திரிகைப் பக்கம் தெரியாது. நான் 'நாலாவது கட்டம், ஆடு பாக்குது'ன்னு சொல்லுவேன். உடனே பிள்ளைக, 'என்ன சொல்லுச்சு?'ன்னு கேக்கும். சும்மா நின்னுச்சுன்னு எப்படிச் சொல்ல? என் வாயில என்ன வருதோ அதைச் சொல்லிருவேன். முத வாரத்துலேருந்தே அப்படித்தான் ஓடியிருக்கு. போகப் போக எது உங்களது, எது என்னதுன்னு எனக்கே கோடு அழிஞ்சு போச்சு. தொப்பிக்குள்ள ஒளிஞ்சது உங்களது. டிக்கெட்டைத் திருப்பிக் கேட்டது என்னது. அம்மாவும் என்னது.

வேணும்னு செஞ்சதில்ல. ஆனா தப்பு தப்புதான். உங்க கதையை நிறுத்துப் பாக்கச் சொன்னீக. நான் என் வாய்ச் சொல்லையும் தட்டுல வச்சு நிறுத்துட்டேன். அதை உங்க ஆசிரியர் நம்பி நாள் குடுத்திருக்காரு. நீங்க என்ன செய்யணும்னு எனக்குச் சொல்லத் தெரியல.

சொர்ணலட்சுமி


சென்னை,
23-8-1958

அம்மையீர்,

நாலு வாரமாகப் பதில் எழுதவில்லை. எழுதப் பிடிக்கவில்லை.

போன திங்கட்கிழமை ஆசிரியரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். மறைத்து வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "அப்படியானால் அந்த அம்மாளை அல்லவா நான் வேலைக்கு வைத்துக்கொள்ள வேண்டும்?" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். தொடர் இருபத்திரண்டாவது வாரத்தோடு நிற்கிறது. இன்னும் மூன்று வாரம். அதன் பிறகு எனக்கு இங்கே மேசை கிடையாது. அப்பாவுக்கு இன்னும் எழுதவில்லை.

உங்கள் மேல் கோபம் இருக்கிறது. எவ்வளவு என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. பொய் சொன்னீர்கள் என்பதற்காக அல்ல. நீங்கள் எழுதிய கடிதங்களை மறுபடி எடுத்து வரிசையாகப் பார்த்தேன். குடையையும் தொப்பியையும் விட்டால், நன்றாக இருந்தது என்று சொன்னதெல்லாம் உங்களுடையது. மோசம் என்று சொன்னதெல்லாம் என்னுடையது. அதைப் பார்த்த பிறகு பேனாவை எடுக்கவே கை வரவில்லை. என் ஆடு நாலாவது கட்டத்தில் வெறுமனே நின்றுகொண்டிருந்திருக்கிறது, அவ்வளவுதான். அதற்கு உயிர் இருந்ததாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி எழுத வேண்டாமுங்க.

வீரப்பன்


சின்னாளபட்டி,
30-8-1958

தம்பி வீரப்பனுக்கு,

எழுத வேண்டாம்னு சொன்னா நான் எழுதாம இருப்பேன்னு நினைச்சீகளாக்கும். கோபத்தை அப்படி ஓரமா வச்சிட்டு இதைப் படிங்க.

உங்க கடிதம் வந்த மறுநாளே பஸ் பிடிச்சு திண்டுக்கல் போனேன். பஸ் ஸ்டாண்டு கடையில இந்த வாரப் பத்திரிகையும் கிடைச்ச பழசு நாலும் வாங்கிட்டு வந்தேன். இரவல் இல்ல, என் சொந்தப் பத்திரிகை. கறை பட்டாலும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்ல.

சனிக்கிழமை எல்லாரும் வந்து உக்காந்ததும் உண்மையைப் போட்டு உடைச்சேன். ஆடு பேசாது, இத்தனை நாளா நாந்தான் பேசினேன்னு சொன்னேன். ஒச்சம்மாள், 'அப்ப அந்த மனுசன் என்னதான் போட்டிருக்காரு, காட்டு'ன்னு கையை நீட்டினா. முடிச்சை ஓரமா வச்சிட்டு, கையைக் கழுவிட்டு வந்து, எல்லாரும் பக்கத்தைச் சுத்தி உக்காந்தாக. நான் வாயைத் திறக்கல தம்பி. சத்தியமா ஒரு சொல் சொல்லல. ரொம்பக் கஷ்டமாத்தான் இருந்துச்சு.

இப்ப நான் கண்ணால பாத்ததை எழுதுறேன். இதுல என் சரக்கு எதுவும் இல்ல.

துரைச்சாமியோட இடது செருப்புல வாரு அறுந்து, அதைச் சணல் கயித்தால கட்டியிருக்கீக. எல்லா வாரமும் அப்படித்தான் இருக்கு. சுப்புத்தாய் அதைப் பாத்துட்டு, 'பாவம், இவருக்கும் கஷ்டம்தான் போல'ன்னா. இத்தனை வாரமா அந்தாளு எங்களுக்கு வெறும் தொப்பைதான். செருப்பை நான் ஒரு நாளும் சொன்னதில்ல. நான் பாக்கவே இல்ல. அடுத்த கட்டத்துல என்ன சொல்லலாம்னு யோசிச்சுக்கிட்டே படத்தைத் தாண்டிப் போயிருக்கேன்.

பெறகு சுப்புத்தாய் அஞ்சு பத்திரிகையையும் தரையில பரப்பி வச்சுக் கேட்டா, 'ஏன்க்கா, இந்த ஆடு போற பக்கம் பாக்காம எப்பப் பாத்தாலும் பின்னாடியே பாக்குது?' எண்ணிப் பாத்தோம். ஒரு வாரம் தவறாம ரெண்டு கட்டத்துலயாவது அது திரும்பிப் பாக்குது. 'தாயைத் தேடுது'ன்னு அவளா சொன்னா. அந்த அம்மாவை நானா கண்டுபிடிச்சேன்னு இறுமாந்திருந்தேன். அவ உங்க படத்துலதான் இருந்திருக்கா. நான் வாயால சொன்னேன், அவ்வளவுதான்.

அப்புறம் நடந்ததுதான் கூத்து. நாலாவது கட்டத்தைக் காட்டி, ஆடு இப்ப என்ன சொல்லியிருக்கும்னு ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பிச்சாக. பிள்ளைக ஒண்ணு சொல்லுது, ஒச்சம்மாள் ஒண்ணு சொல்றா, அது இல்ல இதுன்னு சண்டை. அன்னைக்கு ஒரு சேலையும் முடியல. எழுத்து இருக்கிற கட்டத்துல யாரும் நிக்கல தம்பி, படிக்கத் தெரியாததால மட்டும் இல்ல. படிச்சுக் காட்டினாலும் 'சரி'ன்னுட்டு அடுத்ததுக்குப் போயிட்டாக. பேசாத கட்டத்துலதான் உக்காந்துக்கிட்டாக.

குறையும் இருக்கு, மறைக்க மாட்டேன். பாலம் இப்பவும் தண்டம். போன வாரம் ஆட்டுக்கு முன்னங்கால் ஒண்ணு நீளமாப் போயிருச்சு, பிள்ளைக பாத்துட்டாக. நீதியை யாரும் பாக்கக் கூட இல்ல.

நல்லதெல்லாம் என்னதுன்னு இனிமே சொல்லாதீக. எனக்குக் கெட்ட கோபம் வரும்.

அக்கா சொர்ணலட்சுமி


சென்னை,
20-9-1958

அக்காவுக்கு வீரப்பன் எழுதுவது.

கேளுங்க. உங்கள் கடிதம் வந்தபோது கடைசி வாரத்துப் படத்தைக் கொடுக்க இரண்டு நாள் இருந்தது. ஆசிரியரிடம் போய், எட்டுக் கட்டத்திலும் ஓர் எழுத்தும் இல்லாமல் போடட்டுமா, நீதியும் வேண்டாம் என்று கேட்டேன். "எப்படியும் நிற்கிற தொடர்தானே, எப்படியோ போ" என்று கையை விசிறினார். அன்றைக்கு எனக்குப் பயமே வரவில்லை. போவதென்று ஆகிவிட்டது, பிறகு என்ன.

சுப்புத்தாய் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆடு ஏன் திரும்பிப் பார்க்கிறது என்று எனக்குத் தெரியாதுங்க. கை அப்படித்தான் போட்டுக்கொண்டு போயிருக்கிறது. ஆனால் படித்த பிறகு ஒன்று ஞாபகம் வந்தது. பழனியில் நான் வண்டி ஏறிய அன்றைக்கு எங்கம்மா வழியனுப்ப வரவில்லை. அப்பாவுக்குப் பயந்துகொண்டு வரவில்லை. வண்டி நகர்ந்து வெளி சிக்னல் தாண்டுகிற வரைக்கும் நான் பிளாட்பாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதைத்தான் வாராவாரம் வரைந்திருக்கிறேன் போலிருக்கிறது. ஒருத்தரும் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கே தெரியாமல் போயிருக்கும்.

அந்தப் பேசாத பக்கம் பன்னிரண்டாம் தேதி வெளிவந்தது. பதினைந்தாம் தேதியிலிருந்து கடிதம் வர ஆரம்பித்தது. 'மிக நன்று, தொடர்க' இல்லை அக்கா. ஒவ்வொரு பிள்ளையும் எட்டுக் கட்டத்துக்கும் ஆடு என்ன சொன்னது என்று எழுதி அனுப்பியிருக்கிறது. சில பிள்ளைகள் பக்கத்தையே கத்தரித்து, படத்துக்கு மேல் பென்சிலால் எழுதித் தபாலில் போட்டிருக்கின்றன. நேற்று வரைக்கும் நூற்றுப் பதினேழு. ஆசிரியர் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் படித்தார். "தை வரைக்கும் போடு. வாரத்துக்கு நாலு கட்டம் இப்படியே விடு. நீதி வேறு பக்கத்துக்குப் போகட்டும்" என்றார். அப்பாவுக்கு, தீபாவளிக்கு வந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன் என்று எழுதிப் போட்டுவிட்டேன்.

நூற்றுப் பதினேழையும் நான் படித்தேன். ஒன்று மாதிரி ஒன்று இல்லை. கடைசிக் கட்டத்தில், ரயில் போன பிறகு துரைச்சாமியும் ஆடும் வெறும் பிளாட்பாரத்தில் நிற்கிறார்களே, அங்கே ஆடு என்ன சொன்னது என்பதை மட்டும் நீங்கள் எழுதவே இல்லை. உங்களிடமிருந்து வரும் என்று தினமும் தபால்காரரைப் பார்த்தேன். எழுதுங்கள்.

தம்பி வீரப்பன்


சின்னாளபட்டி,
27-9-1958

தம்பிக்கு,

கடிதத்தைப் படிச்சிட்டு நான் அழுதுட்டேன். சுப்புத்தாய் யாரு செத்துட்டான்னு ஓடி வந்தா. தொடர் நிக்கலன்னு சொன்னதும் அவளும் உக்காந்து அழுதா. பெறகு ரெண்டு பேரும் சேந்து எதுக்கு அழுறோம்னு சிரிச்சோம். தீபாவளிக்குப் போகையில முதல்ல அம்மாவைப் பாருங்க, அப்பாவைப் பெறகு பாத்துக்கலாம்.

கடைசிப் பக்கத்தைப் பத்திச் சொல்றேன். நல்லது: பிளாட்பாரத்துல அம்புட்டு இடம் வெறுமனே விட்டிருக்கீக, முன்னல்லாம் பயந்துக்கிட்டு எதையாவது போட்டு அடைப்பீக. துரைச்சாமி குடையை ஆட்டுக்கும் சேத்துப் பிடிச்சிருக்கிறதை ஒச்சம்மாள்தான் முதல்ல பாத்தா. குறை: ரெண்டாவது கட்டமும் மூணாவது கட்டமும் ஒண்ணு போலவே இருக்கு, புதன்கிழமை அவசரம் தெரியுது. மழை பெய்யுறதுக்குக் கோடு போட்டா மட்டும் போதாது, தரையும் நனையணும்.

அந்த நூத்துப் பதினேழு பிள்ளைக எழுதினதையெல்லாம் அப்படியே நம்பிராதீக. சின்னஞ்சிறுசுக, வாய்க்கு வந்ததை எழுதியிருக்கும். கடைசிக் கட்டத்துல அந்த ஆடு என்ன சொல்லுச்சுன்னு எனக்கு நல்லாத் தெரியும். சனிக்கிழமை இங்க இருக்கிற அத்தனை பேருக்கும் சொன்னேன், எல்லாரும் ஒத்துக்கிட்டாக.

உங்களுக்கு மட்டும் எழுத மாட்டேன். எழுதினா அதை நீங்க படத்துக்கு மேல எழுதிப் போட்டுருவீக.

அக்கா சொர்ணலட்சுமி